பிளக்கைப் பார்த்துப் பயந்த அக்கா

கொரட்டூர் ஏரிப்பக்கம் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, தெருவைப் பார்த்த ஒரு ஷட்டர் கடையில் அக்கா இருந்தார். டூவீலர் மெக்கானிக். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டியிருப்பார். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயப்படுகிறவர் அவர்தான்.

லிஃப்டில் ஏறமாட்டார். இடி இடித்தால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். பிறந்தநாள் வீட்டுக்காக யாராவது பலூன் ஊதிக்கொண்டு போனால், அவர்கள் தெருமுனை தாண்டும்வரை முதுகைக் காட்டி நிற்பார். ஏரிக்கரை கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒருநாள்கூட அதன்மேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்ததில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அவ்ளோ தண்ணி சும்மா படுத்துகினு கீதேம்மா, அது எய்ந்துச்சுன்னா இன்னா பண்றது?"

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். நாமாகச் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். நேராக பிளக்கைக் கழற்றுவார். எஞ்சினுக்குள் தீப்பொறியைக் கிளப்பும் கட்டைவிரல் நீளச் சாமான் அது. ஒரு முனை எப்போதும் நெருப்புக்குள்ளேயே இருக்கும். அந்த முனையைத் துடைக்காமல் அப்படியே வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாடிக்கையாளர் யாராவது உதவுகிற நினைப்பில் துணியை நீட்டினால், "தொடைச்சா எல்லாம் பூடும்" என்று கையைத் தட்டிவிடுவார்.

முனை டீ நிறத்தில் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. பிசுபிசுவென்று ஈரக் கருப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே ஏறி எரிகிறது. அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கருப்பென்றால் பெட்ரோலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளே சூடு தாங்கவில்லை. இந்த அளவுக்கு எந்த மெக்கானிக்கும் சொல்வார். அக்கா அதோடு நிறுத்தமாட்டார். வெள்ளை பிளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு பாடி மேம்பாலமும், நடுவில் இறுகி நின்றுபோன எஞ்சினும், பின்னால் வருகிற லாரியும் தெரிந்துவிடும். முகம் வெளிறிப்போகும்.

என் பழைய ஸ்கூட்டருக்கு அப்படித்தான் ஒருநாள் ஆனது. சும்மா ஆயில் மாற்றத்தான் விட்டிருந்தேன். காலையில் எடுக்கப் போனபோது அக்கா சாவியைத் தரவில்லை. பிளக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பீங்கான் வெள்ளைவெளேரென்று, சின்னச் சின்னக் கொப்புளத்தோடு இருந்தது.

"இத்த எடுத்துகினு நீ பைபாஸ்ல போவாத."

"அக்கா, ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங். சாயங்காலம் கொண்டாந்து விடுறேன்."

"சாயங்காலம் நீ வருவியான்னுதான் எனக்கு பயமா கீது."

சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு மெக்கானிக் என் வண்டிக்காக அழுவதைப் பார்க்க எனக்குக் கோபமும் கூச்சமுமாக வந்தது. ஷேர் ஆட்டோவில் போனேன். சாயங்காலம் அவர் ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார். அதில் முடி இழை மாதிரி ஒரு கீறல். அதன் வழியாக எஞ்சின் கூடுதலாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது, அதனால் சூடேறியிருக்கிறது என்றார். அந்த வண்டியில் அன்று போயிருந்தால் நடுவழியில் எஞ்சின் இறுகியிருக்குமா, ஒன்றுமே ஆகியிருக்காதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் பயந்ததெல்லாம் நடந்துவிடவும் இல்லை. கூரியர் வேலை பார்க்கிற ஒருவரிடம், "இந்த வண்டி உன்ன நடுரோட்ல உட்ரும் அண்ணாத்தே, ஓட்டாத" என்று கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. அதே வண்டியில் ஆவடிக்கும் மாங்காட்டுக்கும் அலைந்துகொண்டே இருந்தார். கடையைத் தாண்டும்போதெல்லாம் ஹாரனை நீளமாக அடித்து, "இன்னா அக்கா, உயிரோட கீறேன் பாத்தியா!" என்று கத்திவிட்டுப் போவார். தெருவே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். ஆனால் அந்த வண்டிச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை கையில் வேலை ஓடாது அவருக்கு.

அவரிடம் பழகியதில் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பைபாஸில் போகும்போது எஞ்சின் ஒரு நொடி இருமினாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி உண்மையிலேயே எழுந்து வந்தது.

இரவெல்லாம் மழை. விடிந்து பார்த்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அக்காவின் கடை ஷட்டரில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் அவர் தனியாகக் குடியிருந்தார். டூல்ஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நடுங்கியபடி படியேறி முதல் மாடியிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். என் கணவர் வேலையாக ஓசூர் போனவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கமே போகாமல் கூடத்து மூலையில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார் அக்கா.

கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. எங்களுக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். ஐடி வேலை. குழந்தைக்காக நண்பரிடமிருந்து வாங்கிவைத்திருந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அது ஸ்டார்ட் ஆகவில்லை என்று தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அக்கா பழைய பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரித்துப் போட்டார். கயிற்றை ஒரே இழு. அது உறுமிக்கொண்டு கிளம்பியபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம். தம்பி அதை அணைத்துவிட்டு மேலே தூக்கிப் போனார். அன்று முழுக்க மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க அக்காவின் முகமே கொஞ்சம் தெளிந்தது. "கொயந்த தூங்கும்" என்றார்.

மறுநாள் காலை அந்தச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தம்பி மறுபடி ஜெனரேட்டரோடு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"யக்கா, தன்னால நின்னுட்டு. இழுத்து இழுத்துப் பாத்தாச்சு, கெளம்ப மாட்டுக்கு."

அக்கா வழக்கம்போல எதுவும் கேட்காமல் பிளக்கைக் கழற்றினார். நேற்று எங்கள் கண்முன்னால் போட்ட புது பிளக் அது. அதன் முனை அட்டக்கரியாக, தொட்டால் உதிர்கிற மாதிரி புகைக்கரி அப்பிக் கிடந்தது.

"ஒரே நாள்லயா?" என்றார் அக்கா, தனக்குள்.

காற்று போகும் பாதையில் இருக்கிற ஃபில்டரைத் திறந்தார். சுத்தமாக, உலர்ந்து இருந்தது. காற்றை அடைத்துத் திறக்கிற சோக்கைத் தள்ளிப் பார்த்தார். சரியாகத் திறந்திருந்தது. மறுபடியும் பிளக்கை எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"நைனா, இதுக்கு மூச்சுவிட காத்தே கெடைக்கல. இத்த எங்க வெச்சி ஓட்டுன?"

"சமையக்கட்டுப் பின்னால பால்கனியிலதான். மழ உள்ள அடிக்குல்லா? அதான் கிரில்லச் சுத்தி தார்ப்பாய் கட்டியிருக்கேன்."

"ஜன்னலு?"

"எல்லாம் சாத்தித்தான் இருக்கு. வயரு உள்ள வரதுக்கு பால்கனிக் கதவு மட்டும் தெறந்து கெடக்கு. பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்லா."

"அவங்க எங்க?"

"ரெண்டு பேரும் தூங்குதாவ. ராத்திரியே தலை வலிக்கு, கொமட்டிக்கிட்டு வருதுன்னா. மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தா. எனக்கும் தலை விண்ணுன்னு தெறிக்கு, தூக்கம் இல்லல்லா..."

அவர் பேசி முடிக்கவில்லை. அக்கா அலறினார். அப்படி ஓர் அலறலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "பொகைய்யா! அந்தப் பொகையத்தான் அவங்களும் முய்ங்கிகினு கீறாங்க! ஓடு, கதவத் தொற!"

தம்பிக்கு அது உறைக்க ஒரு கணம் ஆனது. பிறகு படிகளில் நாங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தம்பி கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறார், அது தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. கரண்ட் இல்லாததால் அழைப்புமணி அடிக்கவில்லை. அவர் கதவில் இரண்டு கையாலும் அறைந்து மனைவியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டோம். மழைச் சத்தம்தான் கேட்டது.

அக்கா எங்களுக்குப் பின்னால் வந்திருந்தார். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி, மேலே வரப் பயந்து, ஒரு படி கீழேயே நின்றுகொண்டிருந்தார். கையில் சுத்தியல். அதை என்னிடம் எறிகிற மாதிரி நீட்டினார்.

"கதவு அப்பாலிக்கா. மொதல்ல கண்ணாடிய ஒட. காத்து போவட்டும்!"

நடையைப் பார்த்து அவர்களுடைய படுக்கையறை ஜன்னல் இருந்தது. அதன் கண்ணாடியை நான் அடித்து உடைத்தேன். உள்ளே திரைச்சீலை ஆடியது. அது விலகியபோது கட்டிலில் ஒரு கை தெரிந்தது. அசையவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரரும் வந்து, தம்பியோடு சேர்ந்து கதவை முட்டித் திறந்தார். தம்பி பால்கனிக்கு ஓடித் தார்ப்பாயைக் கிழித்தார். நான் குழந்தையை எடுத்தேன். கன்னம் ரோஜா நிறத்தில், தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் தூக்கியதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

மொட்டைமாடிப் படிமேடைக்குக் கொண்டு வந்தோம். மழைச் சாரல் முகத்தில் அடித்தது. தம்பியின் மனைவி வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள், யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். குழந்தை மட்டும் எதுவும் செய்யவில்லை. நான் முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன். மூச்சு வருகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அக்கா கீழ்ப்படியில் இருந்தபடி, "மூச்சு கீதா? சொல்லும்மா, மூச்சு கீதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தை மூக்கைச் சுருக்கியது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சின்ன முனகல்.

எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று கத்திக் கத்தி, தெருவில் போன மீட்புப் படகைக் கூப்பிட்டார். மூவரையும் ஏற்றினோம். படகு வளைவில் திரும்பும்வரை நான் படியிலேயே நின்றேன். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. சிக்னல் கிடையாது. அன்று முழுவதும் நானும் அக்காவும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சமைக்கவில்லை. அக்கா அந்தக் கரிப்பிடித்த பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தார். விரலெல்லாம் கருப்பு.

"நல்லவேளை நீங்க பாத்தீங்க அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்கிற மாதிரி.

"நான்தாம்மா அத்த ஓட வெச்சேன். புது பிளக்கப் போட்டு, சிரிச்சிகினே குட்த்தேன். எங்க வெப்பேன்னு ஒரு வார்த்த கேக்கல. பல்லிக்கு பயந்தேன், நாய்க்கு பயந்தேன், தண்ணிக்கு பயந்தேன். இத்துக்குப் பயப்படல பாரு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மறுநாள் மதியம் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிந்தபோது, தம்பியின் அலுவலக நண்பர் ஒருவர் நடந்தே வந்து சொன்னார். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார்கள். குழந்தை பால் குடிக்கிறது. அக்கா அதைக் கேட்டதும் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கரண்ட் இல்லாததால் குழாயில் தண்ணீர்கூட வராது. ஆனாலும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் அவருக்குச் சால்வை போர்த்தவேண்டும் என்றார்கள். கூட்டம் வைத்த அன்று அக்கா கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். ஜெனரேட்டர் என்று யார் கொண்டுவந்தாலும் தொடமாட்டேன் என்றார். அவர் பயம் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். கூடித்தான் போனது. தினமும் காலையில் கடை திறக்கும் முன் இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டுவார். குழந்தையைத் தூக்கமாட்டார், கைதவறிப் போட்டுவிடுவோமோ என்று பயம். மூக்கின் கீழே ஒரு விரலை வைத்துப் பார்ப்பார். சுடச்சுட மூச்சு பட்டதும், "கீது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவார்.

முதலில் அவர்கள் நன்றியோடுதான் கதவைத் திறந்தார்கள். பிறகு ஒருநாள் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் புகை ஏறியதிலிருந்து அவளுக்குச் சில வார்த்தைகள் சட்டென்று நினைவுக்கு வராது.

"யக்கா, நீங்கதான் அவியட்ட சொல்லணும். கதவத் தட்டுத சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்கு. அவிய பிள்ள மூக்குல வெரல வைக்கும்போது, செத்த பிள்ளையத் தொடுத மாதிரி இருக்கு. உயிரக் காப்பாத்துனவிய. நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் போய்ச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அக்கா ஒரு செயினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரிம்மா. போவல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டவில்லை. ஆனால் ஒரு காலையில் பால் வாங்க நான் கதவைத் திறந்தபோது, என் வீட்டுக்கும் மேல்மாடிக்கும் நடுவிலிருந்த படித்திருப்பத்தில் சுவரோடு சுவராக அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மேலே குழந்தை எதற்கோ வீறிட்டு அழுதது. அக்கா மூச்சை விட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

தினமும் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டேன். மேல்வீட்டில் நான் சொல்லவில்லை. அந்தப் பெண் தானாகவே ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கிறாள். கதவை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் குழந்தையை எடுத்துவந்து, படியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். அன்றிலிருந்து காலையில் கதவு திறந்தே இருந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் அக்கா கிளம்பிவிட்டார். பூந்தமல்லியில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். மேடான இடம், தண்ணீர் வராது என்றார். சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டியில் டூல்ஸ் பெட்டி, பாய், ஒரு கிரைண்டர், அவ்வளவுதான் சாமான். தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். மேல்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அக்கா வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கையை வெளியே நீட்டிக் குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்தார்.

குழந்தை அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்துக் கடித்தது. நான்கு பல் முளைத்திருந்தது அதற்கு.

"அய்யோ, கட்ச்சிட்சிமா!" என்று அக்கா அலறினார்.

எல்லோரும் சிரித்தோம். மேல்வீட்டுப் பெண் குனிந்து, சிரிப்பு அடங்காமல் அழுதாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்புகிறவரை அக்கா எங்களைப் பார்க்கவில்லை, கையசைக்கவும் இல்லை. அந்த விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பல் பதிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போனார்.